செங்குத்தாக ஏறி விமானம்போல் பறக்கும் மாடல்கள்: நம்ம பக்கம் பார்த்தது, பட்டது

காரைக்குடிக்காரர்
தூக்க நாலு மோட்டார், தள்ள ஒன்று. இந்த குவாட்பிளேன்தான் இங்கே அதிகம். எடை 3 கிலோ, இறக்கை அரை சதுர மீட்டர் என்றால் ஸ்டால் வேகம், அதாவது இறக்கை தாங்குவதற்கான குறைந்தபட்ச வேகம், நொடிக்கு 9 மீட்டரை ஒட்டி வரும். 12 மீட்டரைத் தொட்ட பிறகே தூக்கும் மோட்டார்கள் அணையலாம். முந்தினால் மூக்குக் குத்தி விழும். 13 அங்குல ப்ரொப்பெல்லரில் ஹோவருக்கு, அதாவது ஒரே இடத்தில் அந்தரத்தில் நிற்க, ஏறக்குறைய 330 வாட், 6 செல் பேட்டரியில் 15 ஆம்பியர். கிடையாகப் பறக்கும்போது 5, 6 ஆம்பியர் போதும். சித்திரை வெயிலில் காற்றின் அடர்த்தி குறைவதால் ஹோவர் கணக்கு இன்னும் கொஞ்சம் ஏறும்.

தேவகோட்டைக்காரர்
அண்ணே, அந்த 12 மீட்டரை அளக்கிற பிட்டாட் குழாயில்தான் வினையே. வற்றிய கண்மாயில் இறக்கினால் செம்மண் தூசி ஏறும். சும்மா வைத்திருந்தால் குளவி மண்ணை அப்பிவிடும். அடைத்துக்கொண்டால் வேகம் ஏறியதே தெரியாது. ட்ரான்சிஷன், அதாவது ஹோவரிலிருந்து கிடையாகப் பறக்க மாறுவது, முடியாமல் ஐந்து மோட்டாரும் சேர்ந்து பேட்டரியை உறிஞ்சும்.

பேட்டரி மாட்டும்போது குழாய் வாயைத் துணியால் தளர்வாக மூடுங்கள். அப்போதுள்ள அழுத்தத்தைத்தான் மாடலை ஓட்டும் கன்ட்ரோலர் பூஜ்யமாக எடுத்துக்கொள்ளும். காற்று புகுந்திருந்தால் வேகத்தைக் குறைத்தே காட்டும். பிறகு துணியை எடுத்துவிட்டு, ஒரு சாண் தள்ளி நின்று ஊதினால் எண் ஏற வேண்டும். வாய் வைத்து ஊதாதீர்கள், சென்சார் போய்விடும்.

கானாடுகாத்தான்காரர்
ஆடிக்காற்றில் வேறு தொல்லை. ஹோவரில் பக்கக்காற்று வாலைப் பிடித்துத் தள்ளும். நாலு மோட்டாரின் திருப்பு விசை அதற்கு ஈடுகொடுக்காது. ஒவ்வொரு மோட்டாரையும் 2, 3 டிகிரி பக்கவாட்டில் சாய்த்தால் பிடி கிடைக்கும். ப்ரொப்பெல்லர் சுற்றும் திசைக்கு எதிராக உடலைத் திருப்பும்படி சாய்வு இருக்கட்டும். மாற்றிச் சாய்த்தால் இருக்கிற பிடியும் போகும். மோட்டார் தாங்கும் கார்பன் குழாய் முறுக்கிக்கொண்டாலும் இதே கதைதான். குழாயைக் கையால் முறுக்கிப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

ரோட்டரையே சாய்க்கிற டில்ட்ரோட்டர் ஆசை புதிதாக வருகிறவர்களுக்கு வேண்டாம். அந்த வகை அமெரிக்கச் சோதனை விமானம் பெல் எக்ஸ்வி-3 முதலில் கிளம்பியது 1955-இல். ரோட்டரை முழுசாகச் சாய்த்துப் பறக்க 1958 டிசம்பர் ஆனது.

காரைக்குடிக்காரர்
சரிதான் தம்பி. கன்ட்ரோலரில் ஆர்டுபைலட் மென்பொருள் போடுகிறவர்கள் 'க்யூ அசிஸ்ட் ஸ்பீடு' அளவை பூஜ்யத்தில் விடாதீர்கள். மேலே சொன்ன மாடலுக்கு 10 வையுங்கள். பறக்கும்போது வேகம் அதற்குக் கீழே போனால் தூக்கும் மோட்டார்கள் தானாகவே கைகொடுக்கும். ஆனால் அதுவும் அந்தக் குழாய் காட்டுகிற வேகத்தை நம்பித்தான்.