புதுப்பிப்பு: பத்துமலைப் படங்கள் அமுச்சி கைக்குப் போய்ச் சேர்ந்தன

மலேசியா போய்வந்த குடும்பப் படங்களைக் கொழிஞ்சாம்பாறையில் இருக்கும் அமுச்சிக்கு (அம்மாவின் அம்மா) எப்படிக் காட்டலாம் என்று முன்பு கேட்டிருந்தேன். வாட்ஸப்பில் படமாக அனுப்பாமல் டாக்குமென்டாக அனுப்பச் சொன்னவர்களுக்கு நன்றி. தெளிவு குறையவே இல்லை. பாலக்காட்டில் பெரிதாகவே பிரிண்ட் போட்டோம்.

140 அடி முருகனைக் கும்பிட்டுவிட்டு அமுச்சி அடுத்த படத்துக்குப் போய்விட்டார். குகைக் கோயிலுக்கு ஏறும், 2018இல் வண்ணம் பூசிய அந்த 272 படிகளில், பாதி வழியில் முழங்காலைப் பிடித்தபடி அம்மா உட்கார்ந்திருக்கும் படம். "மூட்டு வலியோட இத்தனையும் ஏறிட்டாளா?" என்று மகளின் முகத்தை விரலால் தடவிக்கொண்டே இருந்தார். எனக்கும் சிலையை விட அதுதான் பிடித்த படம்.

அப்புறம், படத்தின் பின்னால் பென்சிலில் விவரம் எழுதச் சொன்ன யோசனை அருமை. அம்மா எழுத ஆரம்பித்துவிட்டார். மீதியை ஓணத்துக்கு எல்லோரும் கூடும்போது எழுதுவோம்.