துப்புரவு, காவல் பணியாளர்கள் இலவசப் பரிசோதனைக்கும் வராதது ஏன்?

கேள்வி

எங்கள் அலுவலகத்தில் துப்புரவு, காவல், உணவகப் பிரிவுகளில் ஒப்பந்த முறையில் பணிபுரியும் நாற்பது பேருக்காக இலவச உடல் பரிசோதனை முகாம் ஒன்றை நடத்தினோம். வந்தவர்கள் ஏழு பேர் மட்டுமே. மற்றவர்களிடம் விசாரித்தபோது, "உடம்புக்கு ஒன்றும் இல்லையே, எதற்கு டெஸ்ட்?" என்றார்கள். விழிப்புணர்வுக் கூட்டம் நடத்தினால் இந்த நிலை மாறுமா?

மறுமொழி 1 (தொழிலகச் செவிலியர்)

முகாமைக் காலை எட்டு மணிக்கு, வெறும் வயிற்றுடன் வரச்சொல்லி வைத்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். துப்புரவுப் பணியாளருக்கு அதுதான் தலைபோகிற வேலை நேரம். இரவுக் காவலருக்கோ வீட்டுக்குக் கிளம்பும் நேரம். சர்க்கரைக்கு எச்பிஏ1சி பரிசோதனையைத் தேர்ந்தெடுத்தால் பட்டினி இருக்கத் தேவையில்லை. ஏறத்தாழ மூன்று மாதச் சராசரியை அது காட்டிவிடும், 6.5 சதவீதமும் அதற்கு மேலும் நீரிழிவைக் குறிக்கும். உயர் இரத்த அழுத்தம் பெரும்பாலும் அறிகுறி காட்டாது என்பதால், "ஒன்றும் இல்லையே" என்று அவர்கள் சொல்வது பொய்யல்ல. அதை அளக்க ஐந்து நிமிடம் போதும். கருவியை அவர்களுடைய ஓய்வறைக்கே கொண்டுபோகலாம். வேலை தொடர்பான உடல்நலக் கண்காணிப்பு கட்டணமின்றி, ஊதிய இழப்பின்றி, இயன்றவரை வேலை நேரத்திலேயே நடக்க வேண்டும் என்று பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 1985ஆம் ஆண்டு 161ஆவது உடன்படிக்கை கூறுகிறது.

மறுமொழி 2 (ஒப்பந்தப் பணியாளர் மேற்பார்வையாளர்)

நேரம் ஒரு காரணம்தான். அச்சம் அதைவிடப் பெரியது. நான் முன்பு இருந்த இடத்தில் ஒரு காவலருக்கு இரத்த அழுத்தம் 170/110 என்று வந்தது. அறிக்கை அவர் கைக்குப் போகாமல் நேராக என் மேசைக்கு வந்தது. மேலிடம் அவரை இரவுப் பணியிலிருந்து எடுத்துவிட்டது, அதோடு இரவுப்படியும் போயிற்று. அடுத்த முகாமுக்கு அவருடைய பிரிவிலிருந்து ஒருவர்கூட வரவில்லை. அவர்களை அறியாமை உள்ளவர்கள் என்று நாங்கள் பேசிக்கொண்டோம். உண்மையில் அவர்கள் கணக்குப் போட்டுத்தான் விலகி நின்றார்கள்.

மறுமொழி 3

பெண் பணியாளர்களிடம் தனியாகக் கேட்டுப் பாருங்கள். தாங்கள் கழுவும் கழிப்பறையைத் தாங்களே பயன்படுத்த அனுமதி இல்லாததால் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்பவர்கள் இருக்கிறார்கள். சிறுநீர்த் தொற்றைத் தடுக்கும் வழி அங்கே முகாமில் இல்லை, கழிப்பறைச் சாவியில் இருக்கிறது. மருத்துவக் கழிவைக் கையாள்பவர்கள் இருந்தால் ஹெபடைடிஸ் பி தடுப்பூசியையும் சேருங்கள்; வழக்கமான அட்டவணையில் முதல் ஊசிக்குப் பிறகு ஒன்றாம் மாதமும் ஆறாம் மாதமும் போட வேண்டும் என்பதால், இடையில் ஒப்பந்த நிறுவனம் மாறினாலும் பதிவேடு பணியாளரிடமே இருக்கட்டும்.

கேள்வி கேட்டவர்

முகாம் காலை ஏழரைக்கு நடந்தது. அறிக்கைகள் என் மேசை இழுப்பறையில்தான் உள்ளன. அந்த ஏழு உறைகளையும் இன்றே உரியவர்களிடம் ஒப்படைக்கிறேன். பணி மாறும் நேரத்தில் அரை மணி நேரத்தை ஊதியத்துடன் ஒதுக்க ஒப்பந்ததாரரிடம் எழுத்தில் கேட்கவிருக்கிறேன். அத்தகைய கடிதம் எழுதிய அனுபவம் உள்ளவர்கள் வாசகத்தைப் பகிர முடியுமா?