ஜிம்மி க்வின்: விங்கரா, சென்டர் ஃபார்வர்டா?

கேள்வி: ஸ்காட்லாந்து கால்பந்து கிளப் செல்டிக்கின் பழைய வீரர் க்வின் இடது விங்கர் (இடது ஓரத்துல ஆடுறவர்) அப்படினு ஒரு இடத்துல, சென்டர் ஃபார்வர்டு (முன்வரிசையில நடுவுல நின்னு கோல் அடிக்கிறவர்) அப்படினு இன்னொரு இடத்துல இருக்கு. எது சரி? ஸ்காட்லாந்து தேசிய அணிக்கு ஏன் 11 ஆட்டம் மட்டும்?

பதில் 1: ரெண்டும் சரி. 1901-ல கிளப்புக்கு வந்தப்போ இடது ஓரம். 1904 ஸ்காட்டிஷ் கோப்பை இறுதியில வழக்கமா நடுவுல ஆடுற அலெக் பென்னட் இல்லாததால நடுவுக்குக் கொண்டுவந்தாங்க. எதிரணி ரேஞ்சர்ஸ் 2-0 முன்னிலை. க்வின் மூணு கோல், செல்டிக் 3-2-ல ஜெயிச்சுது. அதுக்கப்புறம் அவரை ஓரத்துக்கு அனுப்ப யாருக்கு மனசு வரும்?

பதில் 2: 11 குறைச்சல் இல்லைங்க. அப்போ வருஷத்துக்கு இங்கிலாந்து, வேல்ஸ், அயர்லாந்துனு மூணே ஆட்டம். அந்த 11 ஆட்டத்துல க்வின் 7 கோல். நாலு 1908-ல டப்ளின்ல ஒரே ஆட்டத்துல.

பதில் 3: கோல் கணக்குல கவனம். க்வின் செல்டிக்குக்கு அடிச்சதா சொல்ற 187 என்பது லீக் கோல் மட்டும். கோப்பை ஆட்டங்களையும் சேர்த்தா 200-ஐத் தாண்டும். ரெண்டையும் கலந்துதான் பலர் குழம்புறாங்க.

பதில் 2: 1905 கோப்பை அரையிறுதியையும் பாருங்க. ரேஞ்சர்ஸுக்கு எதிரா க்வின் வெளியேற்றப்பட்டதும் கூட்டம் மைதானத்துல புகுந்துடுச்சு, ஆட்டம் பாதியில நின்னுச்சு. ஆனா அதே சீசன்ல தொடங்கி 1910 வரை செல்டிக்குக்கு வரிசையா ஆறு லீக் பட்டம்!