கம்பெனி கொடுக்கும் பணமும் ஊழியர் கொடுக்கும் நேரமும்: குமரி மாவட்டத்தில் நாம் கண்டவை

நாகர்கோவில், தனியார் நிறுவன ஊழியர்:

எங்கள் நிறுவனத்தில் தன்னார்வப் பணிகளை ஒருங்கிணைக்கும் குழுவில் இருக்கிறேன். ஒரு குளத்தைச் சீரமைத்த அனுபவத்தை எழுதுகிறேன். நீங்களும் உங்கள் அனுபவத்தை எழுதினால் அடுத்த திட்டத்துக்கு எங்களுக்கு உதவும்.

2013ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டம், பிரிவு 135 பற்றிப் பலரும் கேள்விப்பட்டிருப்பீர்கள். ஆண்டுக்கு 5 கோடி ரூபாய் நிகர லாபமோ, 500 கோடி நிகர மதிப்போ, 1,000 கோடி விற்றுமுதலோ எட்டிய நிறுவனம், முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்கு (சுருக்கமாக சிஎஸ்ஆர்) செலவிட வேண்டும். நாங்கள் போய் உழைக்கும் நேரத்தை ரூபாயாக மதிப்பிட்டு இந்த 2 சதவீதத்தில் சேர்க்க முடியாது. அது எனக்குப் பிடித்த விதி. கம்பெனியின் பணம் தனி, எங்கள் வியர்வை தனி.

குளத்துக்கு வருகிறேன். ஆகாயத்தாமரை மண்டிக் கிடந்த பாசனக் குளம் அது. வேலையைத் தொடங்கும் முன் பாசனச் சங்கத்துப் பெரியவர்களைப் போய்ப் பார்த்தோம். அவர்களில் மூத்தவரை எல்லோரும் பாட்டா, அதாவது தாத்தா, என்றுதான் அழைக்கிறார்கள். "மக்களே, பிப்ரவரியில் கும்பப்பூ நெல் அறுப்பு முடியட்டும். ஜூனில் பேச்சிப்பாறை அணைத் தண்ணீர் கால்வாயில் வந்துவிடும். குளத்தில் இறங்க வேண்டுமென்றால் நடுவில் இருக்கிற ஏப்ரல், மே மாதங்கள்தான்" என்றார். எங்கள் கணக்கு ஆண்டோ மார்ச் 31இல் முடிகிறது. பட்ஜெட் கையில் இருக்கும்போது குளத்தில் தண்ணீர் நிற்கிறது; குளம் வற்றும்போது பட்ஜெட் முடிந்துவிடுகிறது.

வழி இருந்தது. இயக்குநர் குழு ஒரு வேலையைத் தொடர்திட்டம் என்று அறிவித்தால், செலவாகாத தொகையை ஆண்டு முடிந்த 30 நாட்களுக்குள் தனி வங்கிக் கணக்கில் போட்டு, அடுத்த மூன்று நிதியாண்டுகளுக்குள் செலவிடலாம். எங்கள் கணக்குப் பிரிவு அதைச் செய்துகொடுத்தது. நீர்வளத் துறை அனுமதியும் கிடைத்தது. கோடை முற்றிய பிறகே இயந்திரம் இறங்கியது.

பாட்டா கேட்ட முதல் வேலை ஆகாயத்தாமரைக் கொடி அகற்றுவது அல்ல, மடை. ஷட்டரின் இரும்புத் தகடு கீழ்ப்பக்கம் அரித்து, கை நுழையும் அளவுக்கு ஓட்டை விழுந்திருந்தது. குளத்தில் எவ்வளவு தேக்கினாலும் இரவோடு இரவாக ஒழுகிப் போய்விடும். தகட்டை மாற்றிய பிறகுதான் கொடியில் கை வைத்தோம். ஆகாயத்தாமரையை இழுத்துக் கரையோரம் போட்டால் போதாது. முதல் மழையில் அது வழுக்கி உள்ளே வந்து மறுபடி தழைக்கும். கரைக்கு மேலே, தண்ணீர் ஏறாத இடம்வரை சுமந்து போய்க் காயப் போட வேண்டும். சேற்றோடும் நத்தையோடும் கனக்கும் அந்த வேர்க்கட்டைத் தூக்கிச் சுமந்ததுதான் எங்கள் ஊழியர்கள் செய்த வேலை. தாமரை இருந்த ஒரு மூலையைத் தொடவில்லை. தேரூர், சுசீந்திரம் குளங்களுக்கு வரும் வலசைப் பறவைகளில் சில இங்கும் இறங்கும் என்று பறவை பார்க்கும் நண்பர் ஒருவர் கேட்டுக்கொண்டார்.

அந்த ஆண்டு ஜூனில் தொடங்கும் கன்னிப்பூ நெல்லுக்குத் தண்ணீர் நின்றது.

தூத்தூர் பக்கத்துக் கடற்கரை ஊர்:

ஒக்கிப் புயலில் திரும்பாதவர்களில் என் தாய்மாமாவும் ஒருவர். 2017 நவம்பர் 30க்குப் பிறகு முதல் சில நாட்கள் எங்கள் ஊருக்கு லாரி லாரியாக வந்தது. அரிசி வந்தது, பிஸ்கெட் வந்தது, பழைய துணி மூட்டை மூட்டையாக வந்தது. கொடுத்தவர்களை நான் குறை சொல்லவில்லை. அந்த நேரத்தில் அவர்கள் வந்து நின்றதே பெரிது. ஆனால் துணி தேவையே இல்லை. புயல் எங்கள் வீட்டைக் கொண்டுபோகவில்லை, ஆட்களைக் கொண்டுபோனது.

லாரிகள் நின்ற பிறகுதான் எங்களுக்கு உண்மையான பாடு தொடங்கியது. காணாமல் போனவரை இறந்தவராகக் கொள்ளச் சட்டம் பொதுவாக ஏழு ஆண்டு கேட்கிறது. கடலில் போனவர்களுக்கு எதற்கு இந்தக் காத்திருப்பு என்று ஊரே போராடிக்கொண்டிருந்தது. கூடவே வங்கி, காப்பீடு, மீனவர் நலவாரியம் என்று ஒவ்வொரு இடத்திலும் தனித்தனித் தாள். மாமாவின் அடையாள அட்டை அவரோடு படகில் போய்விட்டது. ரேஷன் அட்டையில் அவர் பெயர் ஒரு விதமாக, ஆதாரில் வேறு விதமாக, வங்கிப் புத்தகத்தில் இன்னொரு விதமாக இருந்தது. மாமி அந்தத் தாள்களைப் பிடித்துக்கொண்டு அலைந்தார்.

திருவனந்தபுரத்தில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கும் சிலர் ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து தேவாலயத்தின் பங்கு மண்டபத்தில் உட்கார்ந்தார்கள். பேனர் கிடையாது, டி-சர்ட் கிடையாது. லேப்டாப், பிரிண்டர், ஒரு கட்டு வெள்ளைத் தாள். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு கோப்பு போட்டார்கள். மூன்று பெயரும் ஒரே ஆளுடையவை என்று நோட்டரி முன் கொடுக்க வேண்டிய உறுதிமொழியைத் தட்டச்சு செய்து, மாமிக்கு இரண்டு முறை வாசித்துக் காட்டி, புரிந்ததா என்று கேட்ட பிறகே கையெழுத்து வாங்கினார் ஒரு பெண். ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம் முடிந்தும் அவர்கள் வந்துகொண்டிருந்தார்கள். அதற்காக அவர்களின் கம்பெனி வேறு நாளில் விடுமுறை தந்ததா என்று தெரியாது, தந்திருந்தால் நல்லது.

தக்கலை, ரத்த தான ஒருங்கிணைப்பாளர்:

நான் சுருக்கமாகச் சொல்கிறேன். நிறுவன நாள் என்று ஒரே நாளில் அத்தனை ஊழியரையும் வரிசையில் நிறுத்தி ரத்தம் கொடுக்க வைக்காதீர்கள். சிவப்பணுக்களை ஏறக்குறைய ஆறு வாரம்தான் வைத்திருக்க முடியும். பிளேட்லெட்டுகள் ஐந்தே நாள். ஒரு முறை கொடுத்த ஆண் மூன்று மாதமும் பெண் நான்கு மாதமும் காத்திருக்க வேண்டும். எல்லோரும் இன்றே கொடுத்துவிட்டால், அடுத்த வாரம் ஒரு பிரசவத்துக்கு நான் யாரைக் கூப்பிடுவது?

ஒரு நிறுவனத்து மனிதவள அதிகாரி இதைக் கேட்டு ஊழியர்களை ரத்த வகைப்படி நான்கு குழுவாகப் பிரித்து, மூன்று மாதத்துக்கு ஒரு குழு என்று அனுப்புகிறார். நெகட்டிவ் வகைக்காரர்களை வரிசையில் சேர்க்காமல் அவசரத்துக்கு மட்டும் வைத்திருக்கிறார். அவர்களுக்கு அரை நாள் சம்பளத்தோடு விடுப்பும் உண்டு. இரவு பதினோரு மணிக்கு நான் அழைத்தாலும் எடுக்கிறார்கள். அவர்களுக்கு என் வணக்கம்.

மார்த்தாண்டம், சிறப்புக் குழந்தைகள் பள்ளிக் கணக்காளர்:

நாகர்கோவில் நண்பர் மார்ச் மாதத்தைச் சொன்னார். அந்த மாதம் எனக்கு எப்படிப் போகும் என்று கேளுங்கள். ஆண்டு முழுவதும் பேசாதவர்கள் மார்ச் இரண்டாம் வாரம் அழைப்பார்கள். "சிஎஸ்ஆர்-1 பதிவு எண் இருக்கிறதா? 80ஜி இருக்கிறதா? 31ஆம் தேதிக்குள் பில் வேண்டும்." 80ஜி என்பது நன்கொடை தருபவருக்கு வருமான வரிச் சலுகை தரும் அனுமதி. சிஎஸ்ஆர்-1 என்பது கம்பெனிகளின் சமூகப் பணிப் பணத்தைப் பெறுவதற்கான பதிவு. 2021 ஏப்ரலிலிருந்து அந்தப் பதிவு இல்லாத அறக்கட்டளைகளுக்கு நிறுவனங்கள் இந்தப் பணத்தைக் கொடுக்க முடியாது, எங்களுக்கு இருக்கிறது. ஆனால் பத்து நாளில் எதை வாங்க முடியும்? கடையில் இருப்பதைத்தான். அப்படி வந்தவைதான் பெரியவர் அளவுச் சக்கர நாற்காலிகள். எங்கள் பிள்ளைகளில் பெரும்பாலோர் பத்து வயதுக்கு உட்பட்டவர்கள். அகலமான இருக்கையில் உட்கார வைத்தால் உடல் ஒரு பக்கம் சரிந்து முதுகெலும்பு மேலும் வளையும்.

எங்களுக்குத் தேவை பிசியோதெரபிஸ்டின் மாதச் சம்பளம். அதைக் கேட்டால், "அதில் படம் எடுக்க என்ன இருக்கிறது?" என்று ஒருவர் முகத்துக்கு நேராகவே கேட்டார்.

அந்தச் சம்பளத்தை இப்போது கொடுப்பது சட்டத்தின் வரம்புக்குள் வராத ஒரு சிறிய நிறுவனம். விரும்பிய ஊழியர்களின் சம்பளத்தில் மாதாமாதம் ஒரு சிறு தொகை பிடிக்கிறார்கள், அதே அளவு முதலாளியும் போடுகிறார். ஐந்தாம் தேதி பணம் கணக்கில் ஏறிவிடும். அங்கிருந்து ஒரு தம்பி மாதக் கடைசியில் வந்து என்னோடு உட்கார்ந்து வவுச்சர்களைச் சரிபார்ப்பார். தணிக்கைக்குப் பயந்து தூக்கம் கெட்ட காலம் போய்விட்டது. சம்பளத்துக்குப் போக மிஞ்சுவதில் காலில் தாங்கலாக மாட்டும் கேலிப்பர் வாங்குகிறோம். வளரும் குழந்தைக்கு அதை அடிக்கடி மாற்ற வேண்டும்; ஒரே ஒரு முறை விழா வைத்துக் கொடுத்தால் அடுத்த ஆண்டு அது காலைக் கடிக்கும்.

ஒரு வேண்டுகோள். அந்தப் பெரியவர் அளவு நாற்காலிகளில் சில பிரிக்காமலே எங்களிடம் இருக்கின்றன. விளவங்கோடு, கல்குளம் வட்டங்களில் வீட்டில் படுத்திருக்கும் முதியவர்கள் யாருக்காவது தேவைப்பட்டால் இங்கே எழுதுங்கள். கொடுத்த நிறுவனத்திடம் எழுத்தில் சம்மதம் வாங்கிவிட்டோம். குழந்தை அளவு நாற்காலி யாரிடமாவது சும்மா கிடந்தால் அதையும் சொல்லுங்கள், வந்து எடுத்துக்கொள்கிறோம்.