கறியை விட்டும் அம்மாவுக்குச் சர்க்கரை குறையவில்லையே, ஏன்?

சேலத்துக்காரன்: அம்மா கறி, முட்டையை நிறுத்தி முழுக்கச் சைவம்தான், காலையில் ஜவ்வரிசி உப்புமா, இரவில் இட்லி, ஆனாலும் சர்க்கரை அப்படியே நிற்கிறது. குடல் பாக்டீரியா மாறினால் குறையும் என்கிறார்களே?

அஸ்தம்பட்டி அக்கா: தம்பி, நம்ம ஊர் ஜவ்வரிசி மரவள்ளிக்கிழங்கின் மாவுச்சத்துதான், நார்ச்சத்து கிட்டத்தட்ட இல்லை. சிறுகுடலிலேயே குளுக்கோஸாகிவிடும், பெருங்குடல் பாக்டீரியாவுக்குப் பெரிதாக எதுவும் மிஞ்சாது. நார் அங்கே போய்ச் சேர்ந்தால்தான் அவை அதை நொதிக்கவைத்து பியூட்டிரேட் போன்ற அமிலங்களைத் தரும். பெருங்குடல் சுவரின் செல்களுக்கு அதுதான் முக்கிய எரிபொருள். உலக சுகாதார அமைப்பு 2023-இல் பெரியவர்களுக்கு நாளுக்கு 25 கிராம் நாராவது வேண்டும் என்றது. கறியை விட்டது சரி, அந்த இடத்தில் என்ன வந்தது என்று பாருங்கள்.

ஏற்காடுவாசி: அதேதான். தீட்டாத சாமை, கொள்ளு, அவரை, கீரை. கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள், இல்லாவிட்டால் வயிறு உப்பும். அப்புறம், சர்க்கரைக்கான மெட்ஃபார்மின் மாத்திரை எடுத்தால் வைட்டமின் பி12 பரிசோதனை அவசியம்.

சேலத்துக்காரன்: மெட்ஃபார்மின்தான் எடுக்கிறார். டாக்டரிடம் கேட்கிறேன், நன்றி அக்கா.