பிரெக்னென்சி பிபி: என்டி-ப்ரோபிஎன்பி 480, ஆனா எக்கோல பம்பிங் நார்மல். எப்படி?

கேள்வி:
அக்காவுக்கு 33 வாரம். பிபி 150/100லயே நிக்குது, யூரின்ல புரோட்டீன் வேற வந்துருச்சு, ப்ரீ-எக்ளாம்ப்சியான்னு அட்மிட் பண்ணிருக்காங்க. ரெண்டு நாளா படுத்தா மூச்சு முட்டுதுன்னு உக்காந்தே தூங்குறா. பிளட் டெஸ்ட்ல என்டி-ப்ரோபிஎன்பி (ஹார்ட்டுக்கு எவ்ளோ பாரம்னு காட்டுறதாம்) 480, ட்ரோபோனின் நார்மல். எக்கோல இஎஃப் 62, கீழ சின்னதா கிரேடு 1 டயஸ்டாலிக் டிஸ்ஃபங்ஷன்னு போட்ருக்கு. "பம்பிங் நல்லா இருக்கு"ன்னு மட்டும் சொல்லிட்டு போய்ட்டாங்க. பம்பிங் நல்லா இருந்தா இந்த 480 ஏன்?

எக்கோரூம்:
நான் எக்கோ டெக்னீஷியன், இந்த குழப்பம் தினமும் பாக்குறேன். இஎஃப்ங்கிறது ரொம்புன ரத்தத்துல எத்தன சதவீதம் வெளிய தள்ளுதுன்னு சொல்றது, அவ்ளோதான். ரொம்புறது எப்படின்னு அது சொல்லாது. ரத்தக்குழாய் எல்லாம் இறுகி கெடக்குறப்ப அத எதுத்து தள்ளித் தள்ளி இடது வென்ட்ரிகிள் சுவர் தடிச்சு விறைச்சுப் போகும், சரியா தளராது, இதத்தான் டயஸ்டாலிக் டிஸ்ஃபங்ஷன்னு போட்ருக்காங்க, அது அதிகமானா உள்ள பிரஷர் ஏறி பின்னாடி நுரையீரல் வரைக்கும் போகும். சுவர் அப்படி இழுபட்டாதான் பிஎன்பி வகையறா ரத்தத்துல கொட்டும். ட்ரோபோனின் வேற கதை, தசை செல் அடிபட்டா கசியுறது. அது நார்மல்ங்கிறது நல்ல விஷயம். சுருக்கமா, ஹார்ட் திணறுது, அடிபடல. ஸ்ட்ரெய்ன்னு எக்கோலயே ஒரு அளவு இருக்கு, ஹார்ட் தசை எவ்ளோ சுருங்குதுன்னு காட்டும், ப்ரீ-எக்ளாம்ப்சியால இஎஃப் நார்மலா இருக்கும்போதே அது குறையலாம், எடுத்தாங்களான்னு கேளுங்க.

வார்டுடூட்டி:
மேல சொன்னது சரி, ஆனா 480ங்கிற நம்பரையே புடிச்சு தொங்காதீங்க. இந்த டெஸ்டுக்கு சொல்ற 300ங்கிற கோடு மூச்சுத்திணறலோட எமர்ஜென்சிக்கு வர்றவங்களுக்கு ஹார்ட் ஃபெயிலியர் இல்லன்னு ஒதுக்குறதுக்கு வச்சது, கர்ப்பத்துக்குன்னு வச்சது இல்ல. கிட்னி மந்தமானாலும் ஏறும், உடம்பு குண்டா இருந்தா கொறச்சு காட்டும். எனக்கு உதைக்கிறது படுத்தா மூச்சு முட்டுதுன்னு நீங்க போற போக்குல சொன்னீங்களே, அதுதான். இந்த நோயில ரத்தக்குழாய்லேர்ந்து தண்ணி கசியும், அதுக்கு மேல ட்ரிப்ஸ் அதிகமா ஏறுனா நுரையீரல்ல நீர் கோத்துக்கும். இத டூட்டி டாக்டர்கிட்ட இப்பவே சொல்லுங்க, காலைல ரவுண்ட்ஸ் வரட்டும்னு இருக்காதீங்க.

ரெண்டாவதுதடவை:
சிஸ்டர், குழந்தை பொறந்தா எல்லாம் சரியாயிடும்னு எனக்கும் சொன்னாங்க, அஞ்சாவது நாள் வீட்ல பாத்தா 170/110, தலைவலி வேற மண்டைய பொளக்குது, திரும்ப ஓடினோம். டெலிவரி ஆன 3லேர்ந்து 6 நாளுக்குள்ளதான் பிபி உச்சத்துக்கு போகுமாம், எவனும் சொல்லல. 160/110 தாண்டுனா யோசிக்கவே கூடாது. டெலிவரிக்கு அப்புறம் மாசக்கணக்குல கூட மூச்சு வாங்குனாலோ கால் வீங்குனாலோ எக்கோ திரும்ப எடுக்க சொல்லுங்க, பெரிபார்ட்டம் கார்டியோமயோபதின்னு ஒண்ணு, பிரசவத்த ஒட்டி ஹார்ட் தசை பலவீனமாகுறது, பெரும்பாலும் அப்பதான் தலைகாட்டும், அதுல இஎஃப் 45க்கு கீழ போயிடும். இன்னிக்கு 62ங்கிறது இன்னிக்கு கதைதான்.

கேட்டவர்:
வார்டுல சொன்னேன், ஆக்சிஜன் 93 காட்டுச்சு. ட்ரிப்ஸ் நிறுத்தி யூரின் போக ஊசி போட்டாங்க, கார்டியாலஜிஸ்ட் வந்துட்டு இருக்காங்க. ஸ்ட்ரெய்ன் பத்தி கேட்டுட்டு வந்து போடுறேன்.