அரிசோனா கொச்சீஸ் கவுண்டியில் 4 ஏக்கர் மனை: முன்பணம் கொடுக்கும் முன் எதைப் பார்க்க வேண்டும்?

மணல்மேடு:
இடம் அமெரிக்காவில் தென்கிழக்கு அரிசோனா, கொச்சீஸ் கவுண்டி (நம் மாவட்டம் மாதிரி), சல்ஃபர் ஸ்பிரிங்ஸ் பள்ளத்தாக்கில் வில்காக்ஸ் ஊருக்குத் தெற்கே. காலி மனை, கிணறும் செப்டிக் டேங்கும் இல்லை, மின்கம்பம் அரை மைல் தள்ளி நிற்கிறது. தவணையில் தருகிறார்கள், கடைசித் தவணை கட்டியதும் குவிட்கிளெய்ம் பத்திரம் எழுதித் தருவார்களாம். "பக்கத்து மனையில் 300 அடியில் தண்ணீர், போர் போட்டால் போதும்" என்கிறார் விற்பவர். கூகுள் மேப்பில் மனை வரை மண்பாதை தெரிகிறது. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஆழ்துளை:
முதலில் தண்ணீர். அந்த 300 அடி எந்த வருடக் கணக்கு என்று கேளுங்கள். மாநில நீர்வளத் துறையின் இணையதளத்தில் கிணற்றுப் பதிவேட்டை யாரும் பார்க்கலாம். பதிவு எண்கள் 55 என்று தொடங்கும். போர் போட்ட வருடம், மொத்த ஆழம், அன்றைய நீர்மட்டம், கேசிங் (போருக்குள் இறக்கும் குழாய்) விட்டம் எல்லாம் கிடைக்கும். உங்கள் மனையைச் சுற்றி ஒரு மைலுக்குள் இருக்கும் கிணறுகளை வருட வரிசையில் எழுதுங்கள். பழைய கிணறுகள் 300 அடியிலும் சமீபத்தியவை 600 அடியிலும் இருந்தால் விற்பவர் சொல்வது பழைய கதை. ஏற்கெனவே இருந்த கிணற்றை ஆழப்படுத்தியதாகப் பதிவு இருந்தால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள், அது இன்னும் தெளிவான அடையாளம். அங்கே பெரிய பண்ணைகள் மிக ஆழத்திலிருந்து இறைக்கின்றன. மட்டம் இறங்கும்போது ஆழம் குறைந்த வீட்டுக் கிணறுதான் முதலில் காற்று இழுக்கும்.

வில்காக்ஸ் படுகையை 2024 டிசம்பரில் நிலத்தடி நீர்க் கட்டுப்பாட்டுப் பகுதியாக மாநிலம் அறிவித்துவிட்டது. நிமிடத்துக்கு 35 கேலனுக்கு மேல் இறைக்காத வீட்டுக் கிணற்றுக்கு விலக்கு உண்டு. ஆனாலும் துறைக்கு முன்கூட்டியே விண்ணப்பம் கொடுத்து, உரிமம் பெற்றவரை வைத்துத்தான் போர் போட வேண்டும். அனுமதி கிடைப்பதும் தண்ணீர் கிடைப்பதும் வேறு வேறு.

நீர் வற்றிய இடங்களில் மண் அமுங்கி நிலம் நீளவாக்கில் பிளக்கிறது. அந்தப் பிளவுகளை அரிசோனா புவியியல் ஆய்வுத் துறை வரைபடமாக வெளியிட்டிருக்கிறது. மனைக்கு அருகில் கோடு ஓடினால் வேறு மனை பாருங்கள்.

பட்டா_பரமன்:
குவிட்கிளெய்ம் என்றால், "எனக்கு இதில் ஏதேனும் உரிமை இருந்தால் அதைத் தருகிறேன்" என்பது மட்டுமே. உரிமையே இல்லாதவரும் எழுதித் தரலாம். வாரண்டி பத்திரமும் (உரிமைக்கு விற்பவரே உத்தரவாதம் தருவது) டைட்டில் இன்ஷூரன்ஸும் (உரிமையில் சிக்கல் வந்தால் ஈடு தரும் காப்பீடு) கேளுங்கள். வரி பாக்கியில் கைமாறிய மனையாக இருந்தால் இன்ஷூரன்ஸ் நிறுவனம் தயங்கும். அந்தத் தயக்கமே உங்களுக்குத் தகவல்.

தவணை ஒப்பந்தத்தில் கடைசி வரை மனை விற்பவர் பெயரில்தான் இருக்கும். விலையில் 20 சதவீதத்துக்குக் குறைவாகக் கட்டியிருக்கும்போது தவணை தவறினால், கெடு முடிந்து 30 நாளிலேயே பறிமுதல் நடவடிக்கைக்கு அரிசோனா சட்டம் இடம் தருகிறது. பத்திரம் இப்போதே உங்கள் பெயருக்கு வந்து, பாக்கிக்கு மனை அடமானமாக இருப்பதுபோல் (அங்கே 'டீட் ஆஃப் டிரஸ்ட்' என்பார்கள்) எழுதச் சொல்லுங்கள்.

மேப்பில் தெரியும் பாதை அடுத்தவர் நிலத்தின் வழியே போகலாம். நாளைக்கு அவர் கேட் போட்டால் நீங்கள் சிக்கிக்கொள்வீர்கள். பதிவான வழி உரிமை இருக்கிறதா என்பதே கேள்வி. நகர எல்லைக்கு வெளியே, ஐந்து அல்லது அதற்குக் குறைவான துண்டுகளாக விற்கும் நிலம் என்றால், வழி, தண்ணீர், வெள்ளப் பகுதி, செப்டிக் பற்றிய உறுதிமொழித் தாளை விற்பவர் கிரயத்துக்கு 7 நாள் முன்னதாகத் தர வேண்டும். கைக்கு வந்தபின் 5 நாள்வரை நீங்கள் பின்வாங்கலாம். அதைத் தர மழுப்பினால் முன்பணம் கொடுக்காதீர்கள்.

மணல்மேடு:
மிக்க நன்றி. போர் வேண்டாம், லாரித் தண்ணீர் வாங்கி 2,500 கேலன் தொட்டியில் வைத்துக்கொண்டால்?

ஆழ்துளை:
மூன்று பேர், ஆளுக்கு நாளுக்கு 50 கேலன் என்றால் 150. தொட்டி 16 நாள் வரும். மாடு, மரம் வளர்ப்பதை மறந்துவிடுங்கள். 1,000 கேலன் தண்ணீர் மட்டும் 8,340 பவுண்ட் எடை. ஜூலை, ஆகஸ்ட் மழையில் மண்பாதை சேறானால் லாரி வராது. தவிர, லாரி எங்கே நிரப்புகிறது என்று பாருங்கள். ஃபீனிக்ஸுக்கு அருகே ரியோ வெர்டே ஃபுட்ஹில்ஸ் ஊருக்கு லாரியில் போய்க்கொண்டிருந்த தண்ணீரை ஸ்காட்ஸ்டேல் நகரம் 2023 ஜனவரி 1 முதல் நிறுத்தியது. வீடும் கடனும் இருந்தன, தண்ணீர் இல்லை.

குழிநோண்டி:
செப்டிக்கைப் பற்றி யாரும் விரிவாகச் சொல்லவில்லையே. கொச்சீஸ் கவுண்டியில் 4 ஏக்கருக்குக் குறையாத கிராமப்புற மனையில் சொந்தமாக வீடு கட்டுபவர்களுக்குக் கட்டட ஆய்விலிருந்து விலக்குக் கேட்க வழி உண்டு. செப்டிக் அனுமதிக்கு அந்த விலக்கு கிடையாது. சர்வேயில் 3.9 ஏக்கர் என்று வந்தால் விலக்கு பொருந்துமா என்பதைக் கவுண்டியிடம் எழுத்தில் வாங்குங்கள்.

அந்த மண்ணில் பெரிய தொல்லை கலீச்சி. சுண்ணாம்பு இறுகி கான்கிரீட் மாதிரி ஆன அடுக்கு. கடப்பாரை போட்டால் 'டங்' என்று திருப்பி அடிக்கும். தண்ணீர் அதில் இறங்காது, கழிவு மேலே பொங்கும். அப்படி வந்தால் சாதாரண வடிகால் குழிக்குப் பதில் வேறு அமைப்பு போட வேண்டும், செலவு எங்கேயோ போய்விடும். ஆகவே ஒப்பந்தத்தில் ஒரு வரி சேருங்கள்: "30 நாளுக்குள் மண் பரிசோதனையில் சாதாரண செப்டிக்குக்கு ஏற்றதல்ல என்று வந்தால் முன்பணம் முழுவதும் திருப்பித் தரப்படும்." பரிசோதனைக் குழியை வீடு வரப்போகும் இடத்தில் அல்ல, வடிகால் வரப்போகும் இடத்தில் தோண்டச் சொல்லுங்கள்.